கோமளா குடித்த தண்ணீர்

அந்தப் பொம்மைக்குக் கால்கள் இல்லை. இடுப்போடு முடிந்துவிட்டது. மேசைமேல் நீல விரிப்பில் மல்லாந்து, வாயைக் கொஞ்சம் திறந்து, ஏதோ சொல்ல வந்து மறந்துபோனவரைப் போல மின்விசிறியைப் பார்த்தபடி கிடக்கிறது. "இவர் பேரு ராஜப்பா" என்கிறாள் சிஸ்டர் ஜெசிந்தா. "நாலு வருஷமா எங்ககிட்ட இருக்காரு. சனிக்கிழமைக்கு இருபது தடவை சாவாரு, இருபது தடவை பொழைப்பாரு. இவரை மாதிரி ஒத்துழைக்கிற பேஷண்ட் இந்த ஆஸ்பத்திரியிலயே கெடையாது." எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு அவரவர் நோயாளியை ஒரு முறை பார்த்துக்கொள்கிறார்கள். நானும் பார்த்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் இவர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பத்து மணிக்கு என்று சொன்ன முதலுதவி வகுப்பு பத்து பன்னிரண்டுக்கு ஆரம்பித்திருக்கிறது. சத்திரம் பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவருக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடம் சட்டைக்குள் போன எறும்பு. மூன்று மாதத்துக்கு முன் இதே கட்டடத்தின் மேல்மாடியில் இவர் நெஞ்சுக்குள் ஒரு சின்ன வலைக்குழாயை வைத்து மூடினார்கள். பேனாவின் ஸ்பிரிங் போல இருக்கும் என்று டாக்டர் படத்தில் காட்டினார். அன்றிலிருந்து இவர் சட்டைப் பையில் பேனாவைக் குத்தும்போதெல்லாம் எனக்குள் ஏதோ சுருங்கி விரிகிறது. ஸ்டென்ட் வைத்தவர்கள் எல்லோரும் வீட்டாள் ஒருவரோடு ஒரு சனிக்கிழமை இங்கே வரவேண்டும், இது மருத்துவமனையின் ஏற்பாடு. வீட்டாள் என்றால் நான்தான். மகள் மஸ்கட்டில். ஆபத்து அவளைக் கேட்டுக்கொண்டு வராது.

காலையில் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது இவர் சொன்னது காதிலேயே நிற்கிறது. பாலக்கரை சிக்னலில் வண்டி நின்றது. என் முகத்தைப் பார்க்காமல், வெளியே ஒரு பூக்கடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பிரபா, இவங்க சொல்லித்தர்றதைக் கத்துக்க. வேணாங்கல. ஆனா எனக்கு அப்படி ஒண்ணு வந்தா நெஞ்சுல ஏறி உக்காந்து அமுக்கிக்கிட்டு இருக்காத. தலையை மடியில வச்சு ரெண்டு வாய் தண்ணி ஊத்து. உங்க அக்கா கோமளாவுக்குக் குடுத்தியே, அது மாதிரி. நிம்மதியாப் போயிடறேன்." பச்சை விழுந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்து, "தொண்ணூறு செகண்ட் சிக்னல், முன்னெல்லாம் நாப்பத்தஞ்சுதான்" என்றார். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷத்தில் தனக்கென்று இவர் எதுவும் கேட்டதில்லை. மீன்குழம்பில் புளி தூக்கலா என்றால்கூட, உனக்கு எப்படி இருக்கு என்று என்னையே திருப்பிக் கேட்பார். அப்படிப்பட்டவர் இன்று ஒன்று கேட்டிருக்கிறார். இரண்டு வாய்த் தண்ணீர். மடியில் தலை. அதைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்ல எந்த மனைவிக்கு வாய் வரும். சரி என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சரி தொண்டையிலேயே நின்று, பேருந்து திரும்பும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"மொதல்ல தோள் ரெண்டையும் தட்டணும். சத்தமாக் கூப்பிடணும்" என்கிறாள் ஜெசிந்தா. முப்பது வயது இருக்கலாம். கையில் சிலுவை போட்ட மெல்லிய வளையல், பேச்சில் கொஞ்சம் மணப்பாறைப் பக்கத்து இழுப்பு. "எழுந்திருக்கலையா, நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாருங்க. பத்து செகண்டுக்கு மேல பார்க்க வேணாம். நூத்தி எட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சுட்டு அமுக்க ஆரம்பிச்சிடணும். இப்ப செய்யக் கூடாததைச் சொல்றேன். தூக்கி உக்கார வைக்கக் கூடாது. மடியில தலையை வைக்கக் கூடாது, கழுத்து மடங்கிடும். முக்கியமா, வாயில தண்ணி ஊத்தக் கூடாது." முன்வரிசையில் துறையூரிலிருந்து மாமனாரோடு வந்திருக்கும் பவளக்கொடி கையைத் தூக்குகிறாள். "சோடா?" "சோடாவும் வேணாம்." "குளுக்கோஸ் கரைச்சு?" "அக்கா, எதுவுமே வேணாம். நெனவில்லாதவங்களுக்கு முழுங்கத் தெரியாது. ஊத்தினது மூச்சுக்குழாய்க்குள்ள போகும். ஒரு வாய் போதும்." ஒரு வாய் போதும். அவள் அடுத்ததற்குப் போய்விட்டாள், பலகையில் ஏதோ படம் வரைகிறாள், இதயம் நாம் நினைக்கிற மாதிரி இடப்பக்கம் ஒதுங்கி இல்லை, நடுவில்தான் என்கிறாள். நான் அங்கே போகவில்லை. ஒரு வாய் போதும் என்ற இடத்திலேயே நிற்கிறேன். தட்டச்சு யந்திரத்தில் இரண்டு எழுத்துத் தண்டுகள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ளுமே, எந்த விசையை அடித்தாலும் நகராதே, அந்த மாதிரி. நான் எத்தனை வாய் ஊற்றினேன். இரண்டா மூன்றா. பித்தளை டம்ளர். விளிம்பில் ஒரு நெளிவு. இரண்டு, நிச்சயம் இரண்டு. மூன்றாவது வழிந்துவிட்டது.

கோமளா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். எண்பத்தொன்பதில் தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு எங்கள் உறையூர் வீட்டுக்கு வந்திருந்தாள், நாற்பத்தொரு வயது. காலையில் தோள்பட்டை வலிக்கிறது என்றாள். "குடம் தூக்கினது பிரபா, ஒரு பக்கமா இழுக்குது." தைலம் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது, உனக்குக் கை எவ்வளவு மெத்துன்னு இருக்கு, டைப்படிக்கிற கை மாதிரியே இல்லடி என்றாள். அதன் பிறகு ஒரு மணி நேரம் கழித்து கிணற்றடியில் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்து, பிறகு சாய்ந்தாள். பச்சை நைலக்ஸ் புடவை. ஒரு முனை கொடியில், மறு முனை அவள் கையில், நடுவில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் தலையை மடியில் எடுத்தேன். எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். எதிர்வீட்டு ரெங்கம்மாள் தண்ணி தண்ணி என்று கத்திக்கொண்டே எங்கள் சமையலறைக்குள் போய் டம்ளரை எடுத்து வந்தார். நான் ஊற்றினேன். கோமளாவின் வாய் திறந்தது. தாடை ஒரு முறை மேலே போய்க் கீழே வந்தது. தொண்டையில் சின்னதாக ஒரு சத்தம். குடிக்கிறா, குடிக்கிறா என்று யாரோ சொன்னார்கள். இன்னொரு வாய் ஊற்றினேன். மறுபடி தாடை அசைந்தது. பிறகு வெகு நேரம் கழித்து ஒரு முறை. பிறகு இல்லை. புடவை மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது.

கூடத்தில் கிடத்திய பிறகு ரெங்கம்மாள்தான் முதலில் சொன்னார். "தங்கச்சி கையால தண்ணி குடிச்சுட்டுப் போயிருக்கா. யாருக்குக் கெடைக்கும்." வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். அத்தான், இரவு பேருந்து பிடித்து வந்து இறங்கியவர், என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முப்பத்தைந்து வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் கிணற்றடியைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் வழுக்கும் இடத்தில் போட்ட ஒரு கல் மாதிரி அது. கால் வைத்துக் கால் வைத்து நடந்திருக்கிறேன். இன்று மணப்பாறைப் பெண் ஒருத்தி, அவள் பிறப்பதற்கு முன் நடந்ததைப் பற்றி ஒன்றும் தெரியாமல், பலகையில் படம் போட்டுக்கொண்டே அந்தக் கல்லை உருவிவிட்டாள். அப்படியானால் ஊற்றியது எங்கே போயிற்று. எவ்வளவு பெரிய டம்ளர் அது. கோமளாவின் நெஞ்சுக்குள், மூச்சு போக வேண்டிய வழியில், எங்கள் கிணற்றுத் தண்ணீர். கொஞ்சம் உப்புக் கரிக்கும் தண்ணீர். குடிக்கிறா குடிக்கிறா என்று சொன்னது யார், ரெங்கம்மாளா, நானேவா. குரல் என்னுடையது போலவும் இருக்கிறது. இவர் என் முழங்கையைத் தொடுகிறார். "உன் முறை வருது." என் கைகள் மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. யாருடைய கைகளையோ பார்ப்பது போல அவற்றைப் பார்க்கிறேன்.

பவளக்கொடி முதலில் போகிறாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசை பக்கத்தில் போட்டிருக்கும் பலகைமேல் ஏறி நின்று, ராஜப்பாவின் நெஞ்சில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மேலே மறு கையை வைத்து, முழங்கையை மடக்காமல் ஒரே அழுத்து. டக் என்று ஒரு சத்தம். இரண்டு அங்குலம் இறங்கினால்தான் அந்தச் சத்தம் வருமாம். "சூப்பர்" என்கிறாள் ஜெசிந்தா. "மாமனார் நெஞ்சுல ஒரு நாளாவது ஏறி மிதிக்கணும்னு பதினாறு வருசமா நெனச்சுட்டு இருந்தேன் சிஸ்டர். இப்ப ஆஸ்பத்திரியே சொல்லிட்டீங்க" என்கிறாள் அவள் அழுத்திக்கொண்டே. மாமனார் பின்னாலிருந்து, "உசுரு பொழச்சு எந்திரிச்சேன்னு வையி, மொத வேலையா ஒன்னைத்தான் கவனிப்பேன்" என்கிறார். இருவர் முகத்திலும் ஒரே சிரிப்பு. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பயத்தை வெளியே எடுத்து ஒருவர்மேல் ஒருவர் வீசி விளையாட இவர்களுக்குத் தெரிகிறது. இவரும் நானும் அதை மடித்து மடித்து அலமாரிக்குள்ளேயே வைக்கிறோம். இவர் ஜெசிந்தாவைக் கேட்கிறார், தயங்கித் தயங்கி: "அவ்வளவு வேகமா அமுக்கினா விலா எலும்பு ஒடையாதாம்மா?" "ஒடையலாம் சார். எலும்பு ஒடஞ்சா மறுபடி கூடிக்கும். நின்ன இதயம் தானா ஓடாது." இவர் தலையசைக்கிறார். அசைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார், நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதல்லவா என்பது போல.

நான் ஏறி நிற்கிறேன். ராஜப்பாவின் நெஞ்சு ரப்பர், குளிர்ச்சி, நடுவில் ஆயிரம் கைகள் தேய்த்த பளபளப்பு. கை வைக்கிறேன். அழுத்துகிறேன். சத்தம் வரவில்லை. "அம்மா, இன்னும் ஆழமா." அழுத்துகிறேன். வரவில்லை. "சப்பாத்தி மாவு பெசையிறீங்க அம்மா. தைரியமா அமுக்குங்க. இவர் போலீசுக்குப் போகமாட்டாரு." சிரிப்பு. எனக்கும் சிரிக்க வேண்டும்போல இருக்கிறது. ஆனால் ரப்பரின் அடியில் பேனா ஸ்பிரிங் இருக்கிறது. அதன் அடியில் பச்சை நைலக்ஸ் இருக்கிறது. அழுத்தினால் அது சொட்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுகிறேன். முப்பது எண்ண வேண்டும், பதினெட்டு விநாடிக்குள். நிமிடத்துக்கு நூற்றுக்குக் குறையக் கூடாது, நூற்றிருபதைத் தாண்டக் கூடாது என்கிறாள். பத்து வரை எண்கள் சின்னக் கூழாங்கற்கள், கையில் எடுத்துப் போடலாம். பதினொண்ணு என்று வந்ததும் சொல்லே நீண்டுவிடுகிறது. இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு. நாக்கு முழுச் சொல்லையும் சுற்றி வருவதற்குள் கை காத்திருக்கிறது. இருபத்தேழு என்பது ஒரு முழு ஊர்வலம். முப்பது வந்து சேரும்போது மூச்சு வாங்குகிறது. இவர் தன் இடத்திலிருந்து, யாரும் கேட்காமலே, கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறார்: "இருபத்தேழு செகண்ட்." குரலில் குறை இல்லை. ஆறுதல் போல ஏதோ இருக்கிறது. வண்டி தாமதம், ஆனால் எனக்கு அவசரம் இல்லை என்பது போல. "எல்லாருமே பத்துக்கு மேல மெதுவாயிடறீங்க, ஏன்னே தெரியல" என்கிறாள் ஜெசிந்தா. எனக்குத் தெரியும். இறங்கி வருகிறேன். ஒரு சத்தம்கூட எழுப்பாமல் ஒரு மனிதரை இருபத்தேழு விநாடி சாகவிட்டு இறங்கி வருகிறேன்.

டீ கொண்டுவருகிறார்கள். காகிதக் கோப்பை, ஆளுக்கு இரண்டு பிஸ்கட், சர்க்கரை இல்லாத பிஸ்கட். இவர் தன் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே பவளக்கொடியின் மாமனாரிடம் துறையூர் வண்டிகளின் பழைய நேரங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜெசிந்தா ஜன்னலோரம் ராஜப்பாவின் முகத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். நான் போய்ப் பக்கத்தில் நிற்கிறேன். என்ன கேட்பது. கேட்டுத் தெரிந்து என்ன செய்வது. கோமளா வரப்போவதில்லை. தெரியாமலே இன்னும் பத்து வருஷம் இருந்துவிட்டுப் போகலாம். ஆனால் தெரியாமல் இருந்தால் இந்தக் கைகளை நாளை இவர்மேல் வைக்க முடியாது. அதுவும் தெரிகிறது. "சிஸ்டர், எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க. ரொம்ப வருஷம் முன்னாடி. அவங்க வீட்டுல ஒருத்தர் மயங்கி விழுந்தப்போ தண்ணி குடுத்துட்டாங்க." ஜெசிந்தா பஞ்சை நிறுத்தாமல், "ம்" என்கிறாள். "குடிச்சாங்க. தாடை அசைஞ்சுது. தொண்டையில சத்தம் வந்துது." "எப்படி அசைஞ்சுதும்மா? ஒழுங்கா மூச்சு விட்டுக்கிட்டா?" "இல்ல. விட்டு விட்டு. மீன் மாதிரி. ஒண்ணு வந்து, ரொம்ப நேரம் கழிச்சு இன்னொண்ணு." இப்போது பஞ்சு நிற்கிறது. அவள் என்னைப் பார்க்கிறாள். "கண்ணு?" "தொறந்திருந்துது. பார்க்கல." "அவங்க உங்களுக்கு என்ன வேணும்?" "அக்கா" என்று சொல்லிவிட்டேன். தெரிந்தவர் என்று ஆரம்பித்ததை அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

அவள் ராஜப்பாவின் மேல் கையை ஊன்றி, குரலைத் தணித்துச் சொல்கிறாள். "அம்மா, நான் பக்கத்துல இருந்து பார்க்கல. ஆனா நீங்க சொல்றதைப் பார்த்தா, அந்தத் தாடை அசையிறது குடிக்கிறது இல்ல. மூச்சும் இல்ல. இதயம் நின்ன பிறகு ஒடம்பு தானா அப்படிச் செய்யும், கொஞ்ச நேரம். பார்க்கறவங்க உசுரு இருக்குன்னு நெனச்சுப்பாங்க. எங்க அப்பாவுக்கு அப்படித்தான் இருந்துது. நான் அப்ப பன்னெண்டாவது படிக்கிறேன். மூச்சு விடறாரு, மூச்சு விடறாருன்னு ஆட்டோவுல நாங்கதான் கத்திக்கிட்டே வந்தோம்." கொஞ்சம் நிறுத்துகிறாள். "உங்க அக்கா தண்ணியால போயிருக்கமாட்டாங்கம்மா. தண்ணி வர்றதுக்கு முன்னாடியே இதயம் நின்னிருக்கும். அந்தக் காலத்துல வீட்டு ஜனங்களுக்கு இதை யாரு சொல்லிக்குடுத்தா. நீங்க உங்களுக்குத் தெரிஞ்சதைச் செஞ்சீங்க." பிறகு பஞ்சைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, "டீ ஆறுதும்மா" என்கிறாள். நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தண்ணியால போகல. நெஞ்சில் ஒரு பாரம் இறங்குகிறது. இறங்கிய இடத்தில் இன்னொன்று, மெல்ல, வேறு முகத்தோடு வந்து உட்காருகிறது. அப்படியானால் அவள் குடிக்கவும் இல்லை. என் கையால் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. நான் ஊற்றியபோது கோமளா அங்கே இல்லை. ரெங்கம்மாள் சொன்னது, அத்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டது, முப்பத்தைந்து வருஷம் நான் கால் வைத்து நடந்தது, எல்லாம் ஒரு தாடை அசைவு. கொலையும் இல்லை, புண்ணியமும் இல்லை. கிணற்றடியில் ஒருத்தி கிடந்தாள், இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், எவ்வளவு நேரம், சமையலறை போய் வர ஒரு நிமிடம், ஊற்ற ஒரு நிமிடம், அழ எத்தனை நிமிடம். ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பில் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று பலகையில் எழுதியிருக்கிறது. என் இரண்டு கைகளும் அப்போது காலியாகத்தான் இருந்தன. முப்பத்திரண்டு வயதுக் கைகள். நாள் முழுக்க இரும்பு விசைகளை அடித்துக் காட்டிய கைகள்.

இரும்பு விசைகள். இங்கேதான் அது வருகிறது, எங்கிருந்தோ, கூப்பிடாமல். தென்னூரில் ஒரு தட்டச்சுப் பயிற்சிக் கூடத்தின் மாடியில் இருபத்தெட்டு வருஷம் சொல்லிக்கொடுத்தேன். பதினெட்டு கறுப்பு யந்திரங்கள். காலை ஆறு மணி வகுப்பிலிருந்து ராத்திரி எட்டு மணி வகுப்பு வரை, கல்லூரிப் பெண்களும் வேலை கிடைக்காத பையன்களும் வந்து உட்கார்ந்து, முதல் நாள் முதல் வரியாக அடிப்பது ஒன்றுதான். யளனகபக. இடது கைச் சுண்டுவிரல் ய, மோதிரவிரல் ள, நடுவிரல் ன, ஆள்காட்டி க, அது கொஞ்சம் எட்டி ப, திரும்பி வந்து க. அதற்கு அர்த்தம் கிடையாது. எந்த அகராதியிலும் இல்லாத அந்தச் சொல்லைத் தமிழ் தட்டச்சுப் படித்த எல்லோருடைய விரலும் சாகும்வரை மறக்காது. ஆறு எழுத்தும் குறில். எதுவும் நீளாது, எதுவும் தயங்காது, ஒன்றைப்போல் ஒன்று. கல்லூரியில் யாப்பு படித்தபோது பேராசிரியை மேசையில் விரலால் தட்டி மாத்திரை எண்ணுவார். அதைவிடச் சரியான மாத்திரை அந்த மாடியில் பதினெட்டு யந்திரங்களிலும் ஓடிக்கொண்டிருந்தது. நான் நாற்காலிகளுக்கு நடுவில் நடந்துகொண்டே சொல்வேன்: அடி, விடு. அடி, விடு. அடிச்ச இடத்துலயே விரலை வச்சுத் தூங்காதே, விசை முழுசா மேல வரணும், இல்லேன்னா அடுத்த எழுத்து வந்து மோதும். தடவாதே, யந்திரத்துக்கு வலிக்காது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், வலிக்காது, அடி என்று. திரும்பிப் பார்க்காமலே, சத்தத்தை வைத்து, மூன்றாவது வரிசையில் யாருக்குச் சுண்டுவிரல் பயப்படுகிறது என்று கண்டுபிடித்துவிடுவேன். இன்று பயந்த விரல் என்னுடையது. ஆறெழுத்து. ஐந்து தடவை அடித்தால். ஆறைந்து முப்பது.

கோப்பையை ஜன்னலில் வைக்கிறேன். "சிஸ்டர், இன்னொரு தடவை பண்ணிப் பார்க்கட்டுமா?" "தாராளமா." ஏறி நிற்கிறேன். நடு நெஞ்சில் உள்ளங்கையின் அடிப்பாகம். மேலே மறு கை. விரல்கள் கோர்த்து. முழங்கை நேர். தோளிலிருந்து இறங்க வேண்டும், கையிலிருந்து இல்லை என்று அவள் சொன்னது இப்போதுதான் காதில் விழுகிறது. ய. டக். சத்தம் வந்துவிட்டது. அவ்வளவுதானா. ள. டக். அழுத்தி, விட்டு, ரப்பர் நெஞ்சு முழுசாக மேலே வந்து என் கையைத் தொடக் காத்திருந்து, ன, டக், க, டக், ப, க. யளனகபக. இரண்டாவது வரி. யளனகபக. அறை பேச்சை நிறுத்திவிட்டது போலிருக்கிறது, அல்லது எனக்குக் கேட்கவில்லை. பதினெட்டு யந்திரங்கள் கேட்கின்றன. மாடிப்படியில் யாரோ ஏறி வருகிறார்கள், கோமளா, ஒரு நாள் அப்படித்தான் வந்தாள், கையில் டிபன் பாத்திரத்தோடு, சாப்பிடாமல் வந்துட்டியேடி என்று, வாசலில் நின்று காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், இந்தச் சத்தத்துல எப்படிடி இருக்கே. மூன்றாவது வரி. இருக்கேன் அக்கா. இப்படித்தான் இருக்கேன். உன்னை அழுத்தவில்லை. அழுத்தத் தெரியவில்லை. கழுத்தில் வியர்வை இறங்குகிறது. கண்ணாடி மூக்கில் சரிகிறது, அதைத் தள்ளக் கையை எடுக்கக் கூடாது. நான்காவது. ரப்பர் நெஞ்சுக்குள்ளிருந்து ஒன்றும் சொட்டவில்லை. அது தன்பாட்டுக்கு இறங்குகிறது, ஏறுகிறது. ஐந்தாவது. யளனகபக. நிறுத்துகிறேன். பழக்கத்தில் வலது காது மணிச்சத்தத்துக்காகக் காத்திருக்கிறது, வரி முடிந்தால் யந்திரம் மணி அடிக்குமே. அதற்குப் பதில் இவர் குரல். "பதினேழு செகண்ட்." ஜெசிந்தா கைதட்டுகிறாள். "அம்மா, என்ன எண்ணினீங்க? புரியவே இல்ல." நான் சொல்கிறேன். அவள் உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறாள், யளனகபக, யளனகபக, விரலில் ஐந்து எண்ணுகிறாள், பிறகு தன் நோட்டில் எழுதிக்கொள்கிறாள். "அடுத்த சனிக்கிழமை இதையே சொல்லிக்குடுக்கிறேன்." பவளக்கொடி, "எனக்கு இதெல்லாம் வேணாம் சிஸ்டர், நான் மாமான்னு முப்பது தடவை சொல்லிக்கிறேன்" என்கிறாள். இவர் மட்டும், பதினேழு என்று சொன்ன பிறகு கடிகாரத்தை இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அந்த நேரம் வந்தால் இவரால் நேரம் சொல்ல முடியாது என்பது எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

வெளியே நிறுத்தத்தில் வெயில். நிழற்குடையின் கீழ் சிமென்ட் பலகையில் உட்காருகிறோம். தோள்கள் இரண்டும் வலிக்கின்றன. கோமளாவுக்கு ஒரு தோள்தான் வலித்தது. தைலம் தேய்த்தேன். நினைவு இப்படித்தான், கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாக. இனி அவளை எந்த வாக்கியத்தோடு வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாக்கியம் இல்லாமலே வைத்துக்கொள்ளவேண்டியதுதான். சொட்டுகிற புடவையோடு, காதைப் பொத்திய சிரிப்போடு. இவர் சாலையைப் பார்த்தபடி கேட்கிறார். "பஸ்ல ஒண்ணு சொன்னேனே." "சொன்னீங்க." "பதிலே சொல்லல நீ." ஒரு மினி பஸ் போகிறது, நம்முடையது இல்லை. நான் சொல்கிறேன். "கோமளா குடிக்கலைங்க." அவர் திரும்புகிறார். "அவ தண்ணி குடிக்கல. அது குடிக்கிறது இல்லையாம். நான் ஊத்தினப்போ அவ இல்ல. சிஸ்டர்கிட்ட கேட்டுட்டேன்." அவர் என் முகத்தைப் பார்க்கிறார். நாற்பத்து மூன்று வருஷத்தில் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பிறகு தன் கையை எடுத்து என் கையின்மேல் வைக்கிறார், பட்டப்பகலில், பேருந்து நிறுத்தத்தில். என் உள்ளங்கை இன்னும் சூடாக இருக்கிறது. "அதனால உங்களுக்கும் தண்ணி கெடையாது. நீங்க விழுந்தா நான் அமுக்கத்தான் போறேன். எலும்பு ஒடஞ்சா ஒடையட்டும். எந்திரிச்சு என்னைத் திட்டுங்க." என் குரல் மூன்றாவது வரிசையை அதட்டும் குரலாக இருப்பது எனக்கே கேட்கிறது. அவர், சத்திரத்தில் கடைசி வண்டியும் போன பிறகு நேரப் பலகையைப் பார்த்து நிற்பாரே, அது மாதிரி எதிரே பார்த்துக்கொண்டிருக்கிறார். "தாகம் எடுத்தா?" என்கிறார் கடைசியில். "முழிச்சிருக்கும்போது கேளுங்க."

"அப்ப இப்பவே குடு."

பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிக் கொடுக்கிறேன். அவர் தலையைப் பின்னால் சாய்த்து, வாயில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறார். நான் தொண்டையைப் பார்க்கிறேன். நரைத்த முடி முளைத்த அந்தச் சின்ன முடிச்சு மேலே ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது, முழுசாக இறங்குகிறது. ஒரு சொட்டு மோவாயில் நின்று சட்டையில் விழுகிறது. இதுதான் குடிப்பது. வண்டி வந்து நிற்கிறது. அவர் பாட்டிலை என்னிடம் நீட்டி, கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்திருக்கிறார்.